தன்மை ஒருமை

மொழிபெயர்ப்பாளருக்கு விதி இது:
"அவர் சொல்கிறார்" என்று தொடங்கக்கூடாது.
அவர் நான் என்றால் நானும் நான்.

ஆகவே ஜனவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை,
ஸ்காபரோவில், ஷெப்பர்ட் அவெனியூவில், ஐந்தாம் மாடியில்
நான் இருபது பேரிடம் சீட்டுப் பிடித்தேன்.
ஆளுக்கு மாதம் ஐந்நூறு டொலர்.
ஒருவர் நாலாம் மாதம் கூறி எடுத்துவிட்டுப்
பதினோராம் மாதத்தோடு நிறுத்திக்கொண்டார்.
மிச்சம் ஒன்பது மாதமும் என் கைக்காசு.

பத்து இருபதுக்கு
நாலாம் மாதம் எடுத்தவனும் நானே.
ஓஷாவாவில் எங்கள் பெயின்ற் தொழிற்சாலையைப் பூட்டிவிட்டார்கள்.
என்றாலும் இரண்டு மாதக் காசை
மில்லிகன் பிளாசாவில், காரின் கண்ணாடியை இறக்கி,
என் கையாலேயே கொடுத்தேன்.
கொப்பியில் பதியாமல் விட்டது என் பிழையா?

மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து
அந்தப் பக்கத்துக்கு
நானே என்மேல் வழக்குப் போட்டிருக்கிறேன்.

இருவருக்கும் தமிழ் விளங்கும்.
யோகமலர் சொல்வது விமலேந்திரனுக்கு
நான் வாய் திறக்கமுன்னரே குத்திவிடுகிறது.
குத்தி முடிந்ததை ஆறவைத்து ஆங்கிலத்தில் கொடுக்கிறேன்,
மத்தியஸ்தர் பெவர்லிக்காக மட்டும்.

தாய்ச்சி என்றால் யார், என்கிறார் பெவர்லி.
சீட்டை நடத்துபவர், என்கிறேன்.
சொல்லுக்குள் இருந்த தாய்
மேசைக்கு அடியில் நழுவிவிட்டாள்.
கழிவு என்றால்?
தள்ளுபடியா, வட்டியா, குப்பையா,
இரண்டு விநாடிக்குள் ஒன்றைப் பொறுக்கவேண்டும்.
தள்ளுபடி.
யோகமலர் என்னைப் பார்த்த பார்வையில்
அது பிழை.

"கோயிலிலே கண்டாலும் முகம் குடுத்துக் கதைக்கிறேல்லை."
இதைச் சொன்னது யார் என்பது முக்கியமில்லை,
மற்றவரும் அதையேதான் சொல்லவிருந்தார்.
என் ஆங்கிலத்தில் முகம் வரவில்லை.
பெவர்லி எழுதிக்கொண்டார்: தொடர்பு இல்லை.

இடைவேளை.
கட்சிக்காரரோடு கதைக்க எனக்குத் தடை.
சன்னலோரம் நின்று
நானூற்றொன்றில் லொறிகள் பனிக்குள் ஊர்வதைப் பார்த்தேன்.
நடைகூடத்தில் கோப்பி மெசின்
விமலேந்திரனின் இரண்டு டொலர்க் குத்தியை விழுங்கிவிட்டுச்
சும்மா நின்றது.
தட்டினார். பிறகு உதைத்தார்,
மெதுவாகத்தான், அலுவலகக் கட்டிடம் அல்லவா.
யோகமலர் கைப்பையைத் திறந்து,
வேறெங்கோ பார்த்தபடி,
ஒரு குத்தியை நீட்டினார்.

"கொப்பியிலை எழுதி வையுங்கோ, அக்கா."

மெசின் உறுமியது. கோப்பை விழுந்தது.
யார் முதலில் சிரித்தார் என்று
நான் சொல்லப்போவதில்லை.

கேட்டது நாலாயிரத்து ஐந்நூறு,
ஒப்புக்கொண்டது மூவாயிரத்து ஐந்நூறு.
நாலாயிரத்தில் நின்றது.
மாதம் இருநூறு.
"அப்ப இருபது மாதம்," என்றார் யோகமலர் விரல் மடித்து,
"திரும்பவும் ஒரு சீட்டு. ஆக்கள் ரெண்டு பேர், கூறல் இல்லை."
இதை அப்படியே சொன்னேன்.
பெவர்லி பணிவாகச் சிரித்தார்.

பிறகு ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்தேன்:
முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு,
எவரும் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளாமல்.
அந்த வரிக்கு மட்டும்
இரண்டு தலையும் ஒன்றாக ஆடின.
மூன்றாவது கையெழுத்து என்னுடையது:
எதையும் கூட்டவில்லை, எதையும் குறைக்கவில்லை.

கோட்டை மாட்டும்போது பெவர்லி கேட்டார்,
மெசினடியில் அவர்கள் என்னதான் பேசினார்கள்?
"அது இடைவேளையில்" என்றேன்.

அன்றைக்கு என் கணக்கில்
நான் சொன்ன ஒரே வசனம்.

கீழே, எண்பத்தைந்தாம் இலக்கப் பஸ்ஸுக்குப்
பதினாலு நிமிடம் நின்றேன்.
சாம்பல் நிறக் கொரோலா ஒன்று பனியில் புதைந்து உறுமியது.
பின்னால் விமலேந்திரன் தள்ளிக்கொண்டிருந்தார்.
யோகமலர் கண்ணாடியை இறக்கி
என்னவோ சொன்னார்.
தூரம். கேட்கவில்லை.